தண்ணீருக்கு ஒரு ஓட்டு

நெதர்லாந்தின் அல்மேரே நகரில் குடியேறிய முதல் வருஷமே ஒரு வரிச்சீட்டு வந்தது. அனுப்பியது நகராட்சியும் இல்லை, மத்திய அரசும் இல்லை. 'வாட்டர்ஸ்காப்' என்கிற நீர் வாரியம். வெள்ளத்தைத் தடுப்பது, வாய்க்காலில் நீர்மட்டத்தைப் பராமரிப்பது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது இதெல்லாம் அதன் வேலை. அதற்கென்று தனி வரி, தனித் தேர்தல். கழிவுநீருக்குத் தனி ஆள் என்றால் ஒரு அலகு. இரண்டு பேரோ ஐந்து பேரோ, மூன்று அலகு. விசா கிடைத்து மனைவி வந்து சேர்ந்ததும் அந்தக் கட்டணம் மும்மடங்கானது. அப்படி என்னதான் தண்ணீர் செலவழிக்கிறாய் என்று வீட்டில் கேட்க முடியுமா?

நாங்கள் இருக்கும் இடம் முன்பு கடலடி. 1932இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய அணை கட்டி உள்கடலை ஏரியாக்கினார்கள். அப்புறம் பகுதி பகுதியாகக் கரை போட்டு நீரை இறைத்தார்கள். எங்கள் பக்கம் 1968இல் தரையானது. அல்மேரேயில் முதல் குடும்பங்கள் பால் காய்ச்சியது 1976இல். ஃப்ளேவோலாந்து என்று தனி மாகாணமானது 1986இல். இன்று நகரத்தில் மட்டும் இரண்டு லட்சம் பேருக்கு மேல். ஆனாலும் தெருக்கள் கடல்மட்டத்துக்குக் கீழேதான்; இறைப்பு நிலையங்கள் ஓடினால்தான் ஊர்.

மேற்குப் பக்கம் கதையே வேறு. அங்கே ரைன்லாந்து நீர் வாரியம் 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. இன்றைய முடியரசு 1815இல் வந்தது. கரையில் ஒருவர் பங்கு உடைந்தாலும் எல்லார் வயலும் மூழ்கும் என்பதால், ராஜா யார் என்று முடிவாவதற்கு முன்பே கரைக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கிறது. அப்படியும் நெதர்லாந்தில் 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்த சின்னச் சின்ன வாரியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இப்போது 21 ஆகிவிட்டன. கரையைக் குடைகிற நீரெலிகளைப் பிடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

2023 மார்ச் 15, மாகாணத் தேர்தலும் வாரியத் தேர்தலும் ஒரே நாளில். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இரண்டு ஓட்டுச்சீட்டு, எனக்கு ஒன்று. மாகாணத்துக்கு ஓட்டுப் போட இந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். வாரியத்துக்கு வசிப்பிட அனுமதி இருந்தால் போதும். வெள்ளம் பாஸ்போர்ட் பார்த்தா வரும்? பாய் மாதிரி மடித்த சீட்டை விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டத்தை நிரப்பினேன். இந்த நாட்டில் நான் போட்ட முதல் ஓட்டு அது.

யாருக்குப் போடுவது என்று யோசித்தபோதுதான் விஷயத்தின் வீரியம் புரிந்தது. மேற்கிலும் வடக்கிலும் கரிமண் நிலம் அதிகம்; அதாவது ஈரத்தில் முழுக்க மக்காத செடிகொடிகள் சேர்ந்து உண்டான, பஞ்சு போன்ற மண் (peat). நீர்மட்டம் தாழ்ந்திருந்தால்தான் வயலில் டிராக்டர் இறங்கும் என்பார்கள் விவசாயிகள். தாழ்த்தினால் கரிமண் காய்ந்து நிலம் இன்னும் அமிழும். பழைய வீடுகளைத் தாங்கும் மரத்தூண்கள் உளுத்துப்போகும். விவசாயிகளுக்கும் காடு, சதுப்பு போன்ற இயற்கை நிலங்களை வைத்திருப்பவர்களுக்கும் வாரியத்தில் ஒதுக்கீட்டு இடங்களே உண்டு. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பரப்பில் ஒரு கோடியே எண்பது லட்சம் பேர் இருக்கும்போது, நீர்மட்டத்தில் சில சென்டிமீட்டருக்குக்கூட மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் காவிரியின் கடைமடைக்காரனான எனக்கு, தண்ணீர்ச் சண்டையைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் ஓட்டுப்பெட்டிக்குக் கொண்டுவந்தது பொறாமையாக இருக்கிறது.