வீடு ரெண்டடி சுருங்கின கதை

சேலத்துக்காரனுக்கு சென்னைன்னா ஏற்காடு எக்ஸ்பிரஸ்தான், ராத்திரி ஜங்ஷன்ல ஏறி படுத்தா விடியறதுக்குள்ள சென்ட்ரல். ஆர்கிடெக்சர் நாலாவது வருஷ லீவுல ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப்புக்கு நானும் அப்படித்தான் போய் இறங்குனேன், ஒரு கையில பேக், இன்னொரு கையில அம்மா கட்டிக்குடுத்த மாம்பழப் பெட்டி. மே மாசம் சேலத்துல இருந்து வெறுங்கையோட எவன் போவான்? ஆபீஸ்ல எனக்கு இருந்த மரியாதை அந்தப் பெட்டி காலியாகுற வரைக்கும்தான். ஸ்டைபண்ட் தர்றதா சொன்னாங்க, இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க.

வேலை என்னன்னா அளக்கறது. தங்கசாலை தெரு பக்கம் ஒரு பழைய வீடு, ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி இருக்கறத இருக்கறபடி வரையணும். மேல மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு விட்டம் மேல சின்னச் சின்ன செங்கல்ல நிக்க வச்சு சாய்வா அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை. புத்தகத்துல படிச்சத நேர்ல பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னேன், டேப்போட இன்னொரு முனைய புடிச்சிருந்த அக்கா "தம்பி, அண்ணாந்து பாத்தது போதும், அளவச் சொல்லு"ன்னாங்க. நான் சொல்லச் சொல்ல நானே நோட்டுல எழுதிக்கிட்டேன். பன்னெண்டடி பத்து இன்ச்ச எப்படி எழுதுனேன்? 12.10.

விஷயம் தெரிஞ்சவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. கம்ப்யூட்டருக்கு 12.10 அடின்னா பன்னெண்டடி ஒன்னேகால் இன்ச் கூட முழுசா இல்ல. ஒரு ரூமுக்கு ஒம்போது இன்ச் கிட்ட காணாம போச்சு, வரிசையா மூணு ரூம்லயும் இதே கூத்து. வெளிய தெருவுல நின்னு அளந்தது ஒரு கணக்கு, உள்ள கூட்டிப் பாத்தா ரெண்டடி கம்மி. ரெண்டு நாள் நான் சுவரோட தடிமன் மேல பழியப் போட்டுக்கிட்டு இருந்தேன். கடைசியில அக்காதான் என் நோட்டப் புடுங்கிப் பாத்து, தலையில அடிச்சுக்கிட்டு, "இந்த ஞாயித்துக்கிழமை அந்த பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்ட பீச் ஸ்டேஷன் போகாத, பரங்கிமலைக்குப் போ"ன்னாங்க. எதுக்குன்னு சொல்லல.

அதுவரைக்கும் நான் ஊரு சுத்துனதே திங்கறதுக்குத்தான், பர்மா பஜார் பக்கம் அத்தோ, சவுக்கார்பேட்டைல ஜிலேபி (ஆனா நம்மூரு தட்டுவடை செட்டுக்கு ஈடா அங்க ஒன்னும் கிடைக்கல, கோவப்படாதீங்க). எலக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சு மலைக்குப் போனேன். 1802ல லாம்டன்னு ஒரு வெள்ளக்காரரு இந்தியாவ அளக்கற வேலைய அந்த மலை அடிவாரத்துப் பக்கம்தான் ஆரம்பிச்சிருக்காரு. நூறடி எஃகுச் சங்கிலி, ஏழரை மைல் நேர்கோடு, 57 நாள்! வெயில்ல சங்கிலி நீளும்னு அப்பப்ப வெப்பநிலை வேற குறிச்சுக்கிட்டாங்களாம். அப்புறம் கன்னியாகுமரில இருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் 78 டிகிரி தீர்க்கரேகைய ஒட்டியே போன அளவுக்கு மூலம் இதுதான், அந்த 78க்குப் பக்கத்துலதான் நம்ம சேலமும் இருக்கு. இத ஏன்டா எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லல?

எனக்கு ஆறுதலா இருந்தது வேற ஒன்னு. லாம்டன்கிட்ட அரை டன் வெயிட்டுல ஒரு தியோடலைட் (கோணம் அளக்கற கருவி), 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்தறப்ப கயிறு அறுந்து சுவத்துல மோதி நசுங்கிருச்சாம், அந்த மனுஷன் வாரக்கணக்கா உக்காந்து தானே சரி பண்ணிருக்காரு. நான் மூணு ரூமத்தான் சுருக்குனேன். திங்கக்கிழமை பேசாம திரும்பப் போய், இந்தத் தடவை ஒவ்வொரு ரூமுக்கும் மூலைக்கு மூலையும் புடிச்சு, அடி தனி இன்ச் தனின்னு எழுதிட்டு வந்தேன். அக்கா செக் பண்ணிட்டு ஒன்னும் சொல்லல. அந்த ஆபீஸ்ல ஒன்னும் சொல்லலன்னா பாராட்டுன்னு அர்த்தம்.

அதுக்கப்புறம் தீவுத்திடல் பக்கம் பஸ்ல போறப்ப குதிரை மேல உக்காந்திருக்கற மன்றோ சிலைய பாத்தா ஒரு சலாம் போடுவேன். 1792ல நம்ம பக்கமெல்லாம் திப்புகிட்ட இருந்து கம்பெனி கைக்குப் போனப்ப, ரீடுங்கற கம்பெனி அதிகாரிக்கு உதவியா இங்க வந்து நிலத்தையும் வரியையும் பாத்த ஆளு. ஒரு வகையில அவரும் எனக்கு சீனியர்தான?

ஊருக்கு வந்த மறுநாளே செவ்வாய்பேட்டைல எங்க அப்பாயி வீட்டு ஹால அளந்தேன். ஒரு மூலைவிட்டத்த விட இன்னொன்னு மூணு இன்ச் ஜாஸ்தி, அதாவது ஹாலே கோணல். ரெண்டு தடவை புடிச்சும் அதேதான். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி போய்ச் சொன்னா, அப்பாயி முறத்துல இருந்து நிமிரவே இல்ல.

"அட போ கண்ணு, கல்யாணமாகி வந்து கட்டில் போட்ட அன்னிக்கே தெரியும் எனக்கு. அந்த மூலைல காலு ஒட்டாது."