ஆடி ஞாயிறு: கிருஷ்ணகிரியில் ஒரு கலைச் சந்திப்புக்கான ஏற்பாட்டுக் குறிப்புகள்

ஜூன் 22, 2025, ஞாயிறு

கே, லெஸ்பியன் நண்பர்கள் கூடி உட்கார ஒரு மதியம். தருமபுரி, ஓசூர், பர்கூர் பக்கமிருந்தும் வருவார்கள் என்பதால் இடம் கிருஷ்ணகிரி. இங்கே ரயில் கிடையாது. எல்லாரும் பஸ்ஸை நம்பித்தான் வர வேண்டும்.

முதலில் நாள். ஆனி ஞாயிறு என்றாலே முகூர்த்தம். சின்ன ஹால்கூட சிக்காது, சிக்கினாலும் வாடகை கட்டாது. ஜூலை 17 ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் நின்றுவிடும், மண்டபக்காரர் தானாக இறங்கி வருவார். ஜூன் கடைசி ஞாயிறைத் தொடவே கூடாது: 2009 முதல் சென்னையில் வானவில் சுயமரியாதைப் பேரணி வழக்கமாக அன்றைக்குத்தான், போகிறவர்கள் அங்கே போய்விடுவார்கள். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. இடையில் ஜூலை 27 காலியாக இருக்கிறது.

நேரம் மதியம் 2 முதல் 5 வரை. பெருநகரத்தில் இரவு ஏழு மணிக்கு வைப்பதைப் பார்த்து இங்கேயும் அப்படி வைத்தால் ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். விளக்கு வைக்கும் முன் வீடு திரும்ப வேண்டிய பெண்கள் ஏராளம். "பெண்களே வருவதில்லை" என்று வருத்தப்படும் குழுக்கள் முதலில் தங்கள் அழைப்பிதழில் நேரம் என்ன என்று பார்க்கட்டும்.

ஜூலை 2, புதன்

ஹால். 40 பேர் கொள்ளுமளவு, முதல் மாடி, தனிப் படிக்கட்டு, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கழிவறை, பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். கீழே டீக்கடை இருந்தால் வேண்டாம். யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பது அங்கே நாள் முழுக்கப் பேச்சு.

உரிமையாளரிடம் என்ன சொல்வது? பிறந்தநாள் என்று சொன்னால் கேக் எங்கே என்பார், காவல்காரர் எட்டிப் பார்ப்பார். "துணியில் அச்சுப் பயிற்சி, கூத்துப் பாட்டு, குறும்படம்" என்றால் எல்லாமே உண்மை, அதற்கு மேல் கேள்வி வராது. சின்ன ஊரில் இதுதான் அடிப்படை: வருகிறவர் வீட்டில் "எங்கே போனாய்?" என்ற கேள்விக்குக் கூசாமல் சொல்லக்கூடிய பதிலை நிகழ்ச்சியே கையில் கொடுக்க வேண்டும். வெறும் பேச்சுக்கூட்டம் அதைத் தராது. கையில் மைக்கறையோடு போகிறவரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

பதிவுக்கு ஆதார் நகல் கேட்பார்கள். ஏற்கெனவே வீட்டில் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டவரின் நகலையே கொடுக்க வேண்டும். முன்பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

வண்டி நிறுத்தத்தையும் யோசிக்க வேண்டும். தருமபுரியின் டிஎன் 29, ஓசூரின் டிஎன் 70 இங்கே யார் கண்ணையும் உறுத்தாது. உள்ளூர் டிஎன் 24 வண்டியைத்தான் மாமா, சித்தப்பா அடையாளம் கண்டுபிடிப்பார். உள்ளூர்க்காரர்கள் நடந்து வரட்டும்.

ஜூலை 9, புதன்

அழைப்பு. வாட்ஸ்ஆப் குழு தொடங்கினால் ஒருவர் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்டில் அந்தச் சிக்கல் இல்லை, யார் பதில் போட்டாலும் அது செய்தியை அனுப்பிய நமக்கு மட்டும் வரும். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும். "வரவேயில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எந்தப் பெயரில் சேமிக்கலாம் என்றும் சொல்லிவிடுங்கள், "அச்சு வகுப்பு" போதும். செய்தியில் நாள், நேரம், என்ன செய்யப்போகிறோம், அவ்வளவே. இடம் முதல் நாள் மாலை தனித்தனியாக.

பங்களிப்பு ரொக்கமாக, வாசலருகே மூடிய உண்டியலில். ஜிபே வேண்டாம், வங்கியில் உள்ள பெயர் திரையில் வந்து நிற்கும். உண்டியலில் யார் எவ்வளவு போட்டார், போட்டாரா என்பதும் தெரியாது. அதுவும் நல்லதே.

ஜூலை 13, ஞாயிறு

அச்சுச் சாமான்கள். வலை கட்டிய பிரேம் வழியாக மையை இழுத்துத் துணிப்பையில் அச்சிடும் முறை இது. 25 பேருக்கு 3 பிரேம், ஒவ்வொன்றும் 12க்கு 16 அங்குலம், துணிக்கேற்ற 100 மெஷ் அளவு வலை (அங்குலத்துக்கு 100 இழை). 3 ஸ்குவீஜி, அதாவது மையை இழுக்கும் ரப்பர் பட்டை. தண்ணீரில் கரையும் துணி மை: பைண்டர் என்ற பசைக்கூழ் அரை கிலோவுக்குப் பிக்மென்ட் (நிறம்) 25 கிராம், நிறத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் பிக்ஸர் 10 கிராம். பிக்ஸர் கலந்த மை நாள்பட நிற்காது, அன்றைக்கே கலக்க வேண்டும்.

வலையில் எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) பூசி வெளிச்சம் காட்டும் முறைக்கு இருட்டறை வேண்டும். ஒரு மதியத்துக்குக் காகித ஸ்டென்சில் போதும். பட்டர் பேப்பரில் உருவத்தை வெட்டி, துணிமேல் வைத்து, பிரேமை இறக்கி முதல் இழுப்பு இழுத்தால் மையே காகிதத்தை வலையோடு ஒட்டிவிடும். ஒரு ஸ்டென்சில் சுமார் 20 இழுப்பு தாங்கும், பிறகு காகிதம் ஊறி ஓரம் கசியும். பிரேமின் உள் ஓரங்களில் பிரவுன் டேப் ஒட்ட மறக்கக் கூடாது.

என்ன உருவம்? நம் வானவில் கொடியின் ஆறு நிறத்துக்கு ஆறு ஸ்டென்சில், ஆறு முறை காயவிடல், நேரம் போதாது. அதைவிட, வானவில் போட்ட பையை வீட்டில் எங்கே வைப்பது? ஒரே நிறத்தில் மாங்காய் உருவம் போதும். கிருஷ்ணகிரியில் மாங்காயைப் பார்த்து யார் என்ன கேட்கப் போகிறார்? வானவில்லை விரும்பிக் கேட்பவருக்குத் தனியாக ஒரு பிரேம் இருக்கட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள்: புதுக் காடாத் துணியில் கஞ்சி இருக்கும், துவைத்துக் காயவைக்காவிட்டால் மை ஒட்டாமல் முதல் சலவையிலேயே உரியும். தலைக்கு மேல் மின்விசிறி ஓடினால் வலைக்கண்ணில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அச்சு மேசைக்கு மேலுள்ள விசிறியை நிறுத்துங்கள், இழுப்புகளுக்கு இடையே வலைமேல் மையைப் பரப்பி வையுங்கள். ஸ்குவீஜி 45 டிகிரி சாய்வில், ஒரே இழுப்பில். இரண்டாம் முறை இழுத்தால் விளிம்பு இரட்டிக்கும். காய்ந்தபின் மேலே வெறும் துணி போட்டு, நீராவி இல்லாத இஸ்திரியில் 3 நிமிடம்.

ஜூலை 19, சனி

கூத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாரதக் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆடியில் அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும். ஆகவே சனி இரவு ஆடியவரை ஞாயிறு காலை எழுப்ப முடியாது. மதியம் 2 என்றால் சரிவரும். ஹார்மோனியம், மிருதங்கம், தாளத்தோடு ஒரு மணி நேரம் கேட்டால் போதும், முகவீணை என்னும் ஊதுகுழல் வேண்டாம். அதன் ஓசை தெருவைத் தாண்டும், கேட்டவர்கள் படியேறி வந்துவிடுவார்கள்.

உண்மையில் கூத்தை ரகசியமாக வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் கதவைத் திறந்தே வைத்து, யார் வந்தாலும் உட்காரவிடுங்கள். 3 மணிக்குக் கலைஞர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பியபின் கதவு சாத்தப்படும், பயிற்சிக்குப் பதிவு செய்தவர்கள் மட்டும் இருப்பார்கள். ஆண்கள் பெண் வேடம் கட்டுவது இந்தக் கலையில் தலைமுறைகளாக உள்ள மரபு. அதை வைத்து மேடையில் கலைஞரிடம் அவர் சொந்த வாழ்க்கையைத் துருவுகிற கேள்வி எதுவும் கூடாது, வேடம் அவருடைய தொழில். சம்பளம் பேசும்போதே வண்டிச் செலவும் சேர்த்துப் பேசி, பாதியை முன்கூட்டியே வெற்றிலை பாக்கோடு கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 23, புதன்

குறும்படம் தமிழில் இருக்கட்டும். ஆங்கில வசன வரி பாதிப் பேருக்கு எட்டாது. எடுத்தவரிடம் மின்னஞ்சலில் அனுமதி. படத்தைப் பதிவிறக்கி வையுங்கள், இணையத்தை நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்துக்கு 3000 லூமென் புரொஜெக்டரும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணியும் வேண்டும். மடிக்கணினியில் புதுப் பயனர் கணக்குத் திறந்து அதிலிருந்தே ஓட்டுங்கள். சொந்தக் கணக்கில் ஓட்டினால் யாராவது அனுப்பும் செய்தி, பெயரோடு திரையில் விழும்.

ஒரு கோப்பும் தயார். தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவின் மீது உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தந்த தீர்ப்பின் சுருக்கம். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் எங்களைப் போன்றோரின் பாதுகாப்புக்காகப் பிறப்பித்த உத்தரவு. அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்த 24சி, அதாவது எங்களைப் போன்றோரையும் எங்களுக்காக வேலை செய்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்ற விதி. 2025 மே 22 அன்று அதே உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்று சொன்னது. அதன் நகலும் சேர வேண்டும், வருகிறவர்களில் பலர் கேட்பது அதைத்தான். மூன்று பிரதிகள், ஒன்று வாசல் பொறுப்பாளரிடம்.

ஜூலை 26, சனி

வாசலில் இருவர், ஒருவர் கட்டாயம் பெண். பெயர்ப் பதிவேடு கிடையாது. கூப்பிட விரும்பும் பெயரை நெஞ்சில் ஒட்டும் தாளில் அவரவரே எழுதிக்கொள்ளலாம், புனைபெயரானாலும் சரி. போன் கேமராமேல் ஸ்டிக்கர் பொட்டு. அப்படியே ஒட்டினால் லென்ஸில் பசை தங்கும், அடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். படம் வேண்டுமானால் கைகளையும் துணியையும் மட்டும் ஒருவர் எடுப்பார்.

சமையல்காரர் வேண்டாம், கூடவே இரண்டு பேர் வருவார். நிலக்கடலை ஒன்றரை கிலோ, இன்றிரவே ஊறவைத்துச் சுண்டல். தேநீருக்கு ஒரு சுற்றுக்கு 2 லிட்டர் பால்.

ஜூலை 28, திங்கள்

அடுத்த முறைக்கு: இஸ்திரி ஒன்று போதாது, வரிசை நிற்கிறது, இரண்டு வேண்டும். மூன்று பிரேமில் ஒன்றைப் பெண்கள் மட்டும் இருக்கும் மேசைக்கு ஒதுக்கினால் பேச்சு தானாக வருகிறது. 5 மணிக்கு எல்லாரும் ஒன்றாக இறங்கக் கூடாது, இரண்டு மூன்று பேராக, ஓசூர் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில். வலையை அன்றே குளிர்ந்த நீரில் கழுவிவிட வேண்டும், மறுநாள் என்றால் வலையே போச்சு. ஆவணி பிறக்க ஆகஸ்ட் 17. அதற்குமுன் ஹால் இன்னொரு ஞாயிறு இதே வாடகைக்குக் கிடைக்கும், ஆகஸ்ட் 10 என்று சொல்லி வைத்திருக்கிறோம்.