கூடத்து விளக்கை மாற்றியதும் இருண்டுபோன படுக்கையறை

கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீடு 1994-இல் கட்டியது. கூடத்தில் நெடுங்காலமாக எரிந்துவந்த, சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த 40 வாட் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு, 20 வாட் எல்இடி பேட்டன் (பட்டை வடிவ விளக்கு) ஒன்றைச் சென்ற மாதம் நானே மாட்டினேன். மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகே ஏணியில் ஏறினேன்; இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை மட்டும் இறக்கினால், விளக்கு வயர்களில் 230 வோல்ட் அப்படியே நிற்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புது விளக்கு நன்றாகவே எரிந்தது. ஆனால் அன்று மாலை அம்மா படுக்கையறைக்குப் போனபோது, அங்கே விளக்கும் எரியவில்லை, மின்விசிறியும் சுற்றவில்லை.

மின்கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி எதுவும் விழுந்திருக்கவில்லை. படுக்கையறை பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தேன். வலப்பக்கத் துளையில் எரிந்தது. எரியக் கூடாத இடப்பக்கத்தில் வைத்தாலும் எரிந்தது. எங்கேயோ மின்சாரம் வரும் பேஸ் வயரும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று நினைத்தேன். அப்படி ஒட்டியிருந்தால் எம்சிபி உடனே விழுந்திருக்கும் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்து வந்தேன்.

"தம்பி, ரெண்டு பக்கமும் எரிஞ்சா நியூட்ரல் அந்துபோச்சுன்னு அர்த்தம். இந்த ரூம்ல எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டு மறுபடி வெச்சுப் பாருங்க" என்றார்.

அணைத்துப் பார்த்தேன். இடப்பக்கத் துளையில் டெஸ்டர் எரிவது நின்றுவிட்டது. மின்விசிறி சுவிட்சைப் போட்டதும் மீண்டும் எரிந்தது. பேஸ் மின்விசிறியின் கம்பிச்சுருள் வழியாக நியூட்ரலான கருப்பு வயருக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அறுந்த இடம் வரை நின்றுகொண்டிருந்தது. அவர் அத்தோடு விடவில்லை. டெஸ்டர் மினுங்குவதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்று சொல்லி, ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பை மாட்டி இரண்டு வயர் இழுத்த டெஸ்ட் லாம்ப்பைக் கொண்டுவந்தார். படுக்கையறையின் பேஸுக்கும் அதே அறையின் நியூட்ரலுக்கும் இடையில் வைத்தபோது பல்பு எரியவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூலம் கூடத்திலிருந்து நியூட்ரலைக் கொண்டுவந்து அதே பேஸோடு வைத்தபோது முழு வெளிச்சத்தில் எரிந்தது. பேஸ் சரியாக இருக்கிறது, நியூட்ரல்தான் வரவில்லை என்பது இதில் உறுதியானது.

"கூடத்து லைட்டுல எத்தனை கருப்பு வயர் இருந்துச்சு?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. பழைய டியூப்லைட் பட்டியில் இரண்டு கருப்பு வயர்களை முறுக்கி ஒரே திருகில் கொடுத்திருந்தார்கள். ஒன்று சுவிட்ச் போர்டிலிருந்து வரும் நியூட்ரல்; மற்றது அதே நியூட்ரலை அங்கிருந்து படுக்கையறைக்குக் கொண்டுபோகும் லூப் வயர். புது பேட்டனுக்கு ஒரு வயர் போதும் என்பதால், விளக்கு எரியவைத்த வயரை மட்டும் கொடுத்துவிட்டு, மற்றதை வேண்டாத வயர் என்று எண்ணி டேப் சுற்றி உள்ளே தள்ளியிருந்தேன். படுக்கையறையில் ஒரு சுவிட்ச் போட்டிருந்தாலே அந்த 'வேண்டாத' வயரின் முனையில் மின்சாரம் நிற்கும். டேப் சுற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருந்தது. கருப்பு வயர் என்றால் ஷாக் அடிக்காது என்ற எண்ணத்தை அன்றோடு விட்டேன்.

மெயினையும் இன்வெர்ட்டரையும் மறுபடி அணைத்து, ஒவ்வொரு வயரையும் சோதித்த பிறகு வேலையைத் தொடங்கினோம். பழைய முறுக்கு தளர்ந்து சூடாகியிருந்ததால், முனைகளில் உறை பழுப்பேறிப் போயிருந்தது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவினோம். இரண்டு கருப்பு வயர்களையும் தனியே ஒரு கனெக்டரில் இணைத்து, அதிலிருந்து சிறு துண்டு வயர் ஒன்றை மட்டும் பேட்டனுக்குக் கொடுத்தோம். இனி இந்த விளக்கை யார் கழற்றினாலும் படுக்கையறைக்குப் போகும் நியூட்ரல் அறாது.

மின்சாரத்தைக் கொடுத்ததும், மின்விசிறி சுவிட்ச் போட்டிருந்த நிலையிலேயே இடப்பக்கத் துளையில் டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. டெஸ்ட் லாம்ப் இரு துளைகளுக்கும் இடையில் முழுதாக எரிந்தது.

அடுப்படியில் இருக்கும் பழைய டியூப்லைட்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு அதன் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று கருப்பு வயர்கள் இருந்தன. படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வரட்டும் என்று மூடிவிட்டேன்.