கொத்தை உடைக்காமல் அளப்பது

இந்த மாதம் முழுக்க எங்கள் ஆய்வகத்தில் ஆர்கான் கொத்துகள்தான்; அதாவது, ஆர்கான் வாயுவின் அணுக்கள் பல ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்த நுண்திரள்கள். அழுத்தி வைத்த வாயுவை அரை மில்லிமீட்டர் துளை வழியாக வெற்றிட அறைக்குள் பீய்ச்சுகிறோம். தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த அணுக்கள் ஒரே திசையில், நொடிக்குச் சுமார் 560 மீட்டர் வேகத்தில் பாய்கின்றன. அவற்றுக்கிடையே வேக வேறுபாடு அநேகமாக மறைந்துவிடுவதால் வாயு கடுங்குளிராகிறது. அப்போதும் இரண்டு அணுக்கள் மோதுவதால் மட்டுமே ஒட்டிக்கொண்டுவிடுவதில்லை. மிஞ்சும் ஆற்றலை வாங்கிச் செல்ல மூன்றாவது அணு ஒன்று அந்தக் கணத்தில் அங்கே இருந்தாக வேண்டும். அழுத்தம் கூடினால் மூன்று அணுக்கள் இப்படிச் சந்திப்பதும் கூடும்; அழுத்தத்துக்கு இவ்வளவு மதிப்பு அதனால்தான். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இயற்பியலாளர் ஹாகெனா வகுத்த விதிப்படி, பெரிய கொத்துகளில் அழுத்தத்தை இரட்டித்தால் ஒரு கொத்திலுள்ள அணுக்கள் சுமார் ஐந்து மடங்காகின்றன.

உண்டாக்குவது எளிது. அளப்பதுதான் பாடு.

துகள்களை எடைவாரியாகப் பிரித்துக்காட்டும் நிறை நிறமாலைமானியில் எடைபோட வேண்டுமானால் முதலில் கொத்தை அயனியாக்க வேண்டும், அதாவது அதற்கு மின்னூட்டம் தர வேண்டும். அயனியானதும் உள்ளே வெளிப்படும் ஆற்றலே பல அணுக்களை ஆவியாக்கிவிடும். நாம் எடைபோடுவது மிச்சத்தை. இந்த முறையில்தான் 1981-இல் ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸில் செனான் கொத்துகளின் 13, 55, 147 என்ற மாய எண்கள் (கொத்து தனி உறுதி பெறும் அணு எண்ணிக்கைகள்) வெளிப்பட்டன என்பதையும் மறக்கவில்லை. ஆனாலும் பாயும் வாயுக் கற்றையில் இருப்பதை இருந்தபடியே அறிய எனக்கு ராலே சிதறல்தான் பிடிக்கும்; ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் அதைச் சிதறடிப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

பச்சை லேசரைக் கற்றைக்குக் குறுக்கே விட்டு, பக்கவாட்டில் மங்கிய ஒளியையும் மின்சமிக்ஞையாக்கிப் பெருக்கும் ஒளிபெருக்கிக் குழாயை வைக்கிறோம். ஒரு கொத்து சிதறடிக்கும் ஒளி அதன் அணு எண்ணிக்கையின் இருமடியாக உயரும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளிதான் பெரிய எதிரி; அறையின் உட்புறம் முழுவதையும் கறுப்பாக்கியிருக்கிறோம். வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அலைக்காட்டித் திரையில் சிறு மேடு ஒன்று எழும். அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்க அது தாழ்ந்து, இரைச்சலில் கரைந்துவிடும்.

அந்த விளிம்பில்தான் என் மனக்குறை. சமிக்ஞை முதன்முதலாகத் தென்படும் இடத்தில் கொத்துக்குச் சுமார் 100 அணுக்கள் என்று வைத்துக்கொண்டு மற்ற அளவுகளைக் கணக்கிடுவது பலரும் பின்பற்றும் வழக்கம். கருவியின் நுண்மை மாறினால் அந்த இடமும் மாறும். இப்படிப் பெற்ற சராசரியை வெளியிடும்போது, இந்த அனுமானத்தையும் அதே வரியில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்ததாக, அழுத்தம் தெரிந்த நைட்ரஜனை அறையில் நிரப்பி, அதன் சிதறலைக் கொண்டு கருவியை அளவுதிருத்தம் செய்யப்போகிறோம். கற்றையின் அடர்த்தியை, ஒளியலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளக்கும் குறுக்கீட்டுமானி சொல்லிவிடும். பிறகு வாயுவில் எவ்வளவு பங்கு கொத்தாகிறது என்பதுதான் மீதி.