டேட்டா இல்லைங்க அக்கா

"அவங்களுக்கு டேட்டா இல்லைங்க அக்கா" என்று சொன்னேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 2 வருடம் ஆகப் போகிறது. வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று அந்த வாக்கியத்தை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காசநோய் மருந்தை யார் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கும் கணினி மாடல் அது. மேற்கு மாவட்டம் ஒன்றில் சோதனை ஓட்டமாக விட்டிருந்தோம். நிக்‌ஷய் என்னும் அரசின் காசநோயாளர் இணையப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டியல் போகும். பட்டியலில் மேலே இருப்பவர்களை முதலில் போய்ப் பார்க்க வேண்டும். 6 மாத சிகிச்சையில் முதல் 2 மாதம் நாலு மருந்து, அப்புறம் 4 மாதம் மூன்று மருந்து. ஆள் தேறி, இருமல் நின்று, பசி எடுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் பலர் மாத்திரையை விடுகிறார்கள். சுகாதாரப் பணியாளர் ஒருவரால் எல்லார் வீட்டுக்கும் வாராவாரம் போக முடியாது. போகிற நடையாவது சரியான வாசலுக்குப் போகட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்கு முன்னால் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் 6 வருடம் இருந்தேன். யார் தவணை கட்டாமல் போவார்கள் என்று கணிப்பது வேலை. சம்பளம் நன்றாக இருந்தது. ஆனால் நான் எழுதும் கணக்கு ஒரு மனிதருக்கு 'இல்லை' என்று சொல்லத்தான் பயன்படுகிறது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அதே கணக்கை ஒருவரைத் தேடிப்போய் உதவப் பயன்படுத்தலாம் என்று தெரிந்தபோது, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இங்கே வந்தேன். வேடிக்கை என்னவென்றால் வார்த்தை கூட மாறவில்லை. மருந்தை விட்டவரையும் அப்போது பலர் 'டீஃபால்டர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிற சொல் என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே அதை மாற்றி, 'தொடர்பு விட்டுப்போனவர்' என்கிற பொருளில் வேறு சொல் கொண்டுவந்திருந்தது. பேச்சில் பழைய சொல் போகவில்லை. என்னிடமிருந்தும் எதெல்லாம் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு ஆய்வுக் கூட்டம். மாடல் எப்படி வேலை செய்கிறது என்று திரையில் காட்டி முடித்திருந்தேன். பின் வரிசையில் இருந்து ஹெல்த் விசிட்டர் அக்கா ஒருவர் எழுந்தார். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர்.

"சார், ஊருக்குப் போனவங்க பேரு ஒண்ணு கூட வரலைங்களே?"

அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

"ஊருக்குப் போறவங்கதானுங்க சார் பாதியில விடறாங்க" என்றார்.

நான் விளக்கினேன். வேறு இடத்துக்கு மாற்றப்பட்டவர்கள் அங்கே சிகிச்சையை முடித்தார்களா, விட்டார்களா என்பது இந்தப் பதிவுகளில் இல்லை. விடை தெரியாத கேள்வியை வைத்து மாடலுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் அட்டவணையில் அவர்களுடைய வரிசைகளை எடுத்துவிட்டோம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. பொறுமையாகத்தான் சொன்னேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை.

"சரிங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த 'சரிங்க சார்' தான் என்னை விடமாட்டேன் என்கிறது. இருபது வருடம் தெரு தெருவாக நடந்து ஒருவர் கண்டதைச் சொல்கிறார். விடை தெரியவில்லை என்றால் அதைப் போய்த் தெரிந்துகொள்ளலாமே என்று அந்த அறையில் நான் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மாற்றப்பட்டவர்கள் எல்லாரையும் 'விட்டவர்கள்' என்று போட்டிருந்தால், ஒடிசாவிலோ பீகாரிலோ ஒழுங்காக முடித்தவர்களையும் அப்படித்தான் எழுதியிருப்பேன். வடக்கே இருந்து வந்தவர் என்றாலே ஆபத்து என்று மாடல் கற்றுக்கொண்டிருக்கும். பட்டியலைப் பார்த்து ஆட்கள் மில் விடுதிக்குப் போய் நின்றால், எதற்கு வந்தார்கள் என்று சூபர்வைசர் கேட்பார். டி.பி. என்று தெரிந்ததும் படுக்கையைக் காலி செய்யச் சொன்ன கதைகளை இதே அக்காதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த வரிசைகளை எடுத்தது ஒரு வகையில் அவர்களுக்குப் பாதுகாப்பு என்று கூட வாதாடலாம்.

ஆனால் இதெல்லாம் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு யோசித்தது. அந்த வரிசைகளை நீக்கும் நிரல் வரியை எழுதும்போது இதில் எதுவுமே என் மனதில் இல்லை. கடன் வேலையில், கட்டியவர், கட்டாதவர் என்று பிரித்துவிட்டு, இரண்டிலும் சேராத கணக்குகளை ஒதுக்கிவைத்துத்தான் மாடல் கட்டுவோம். எல்லாரும் செய்வது, தப்பும் இல்லை. அதே கை இங்கேயும் அதே வரியை எழுதியது. மாற்றப்பட்டு, முடிவு தெரியாமல் போனவர்களை 'மதிப்பிடப்படாதவர்' என்று தனியாக வகைப்படுத்தச் சொல்கிறது அதே 2013 வரையறை. சிகிச்சை வெற்றி விகிதம் போடும்போது அவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். முடிவு தெரியவில்லை என்பதற்காக ஆள் இல்லாமல் போவதில்லை. இதை நான் படித்திருந்தேன்.

2019இல் சயின்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை ஜூனியர்களுக்கு நானே வகுப்பாக எடுத்திருக்கிறேன். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்க, மருத்துவச் செலவை அளவுகோலாக வைத்திருந்தார்கள். கறுப்பின நோயாளிகளுக்காகச் செலவிடப்பட்டது குறைவு. அதனால் அதே மதிப்பெண் பெற்ற வெள்ளையரை விட அவர்களுக்கு நோய் அதிகமாக இருந்தும், மென்பொருளின் கண்ணுக்கு அது தெரியவில்லை. 'எதை விடையாக வைக்கிறோம் என்பதுதான் முதல் முடிவு' என்று பலகையில் எழுதிப் போட்டேன். யாருக்கு விடையே வைக்கவில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

கூட்டம் முடிந்து சில மாதங்களில் ஒரு பையன் திரும்பி வந்தான். மில் தொழிலாளி. பண்டிகைக்கு ஊருக்குப் போனவன், மாற்றல் போட்டு அனுப்பியிருந்தார்கள். அங்கே எந்த மையத்துக்கும் அவன் போய்ச் சேரவில்லை. சளிப் பரிசோதனையில் மறுபடி பாசிட்டிவ். இந்த முறை புது ஐ.டி. போட்டுப் பதிவு செய்திருந்தார்கள். என் அட்டவணையில் அவன் இரண்டு பேர். ஒருவன் நான் நீக்கிய வரிசை. இன்னொருவன் இதற்குமுன் சிகிச்சையே எடுக்காத புது நோயாளி. இரண்டு பேரில் ஒருவனும் மருந்தை விட்டவன் இல்லை.

இதை அக்கா போனில் சொன்னார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. "என்ற நோட்டுல இருந்தான் தம்பி" என்றார். கூட்டத்தில் 'சார்', போனில் எப்போதும் 'தம்பி'. ஊருக்குப் போகிறவர்களுக்கென்று அவர் தனி நோட்டு வைத்திருந்தார். கிளம்பும் முன் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, வாரம் ஒரு தடவை போன் போட்டுக் கேட்பார். பட்டியல் வந்தபிறகு, அதில் இருப்பவர்களில் எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்பதுதான் மாதக் கணக்கானது. நோட்டில் இருப்பவர்களுக்குப் பேசும் நேரம் எந்தக் கணக்கிலும் வராது. கொஞ்சம் கொஞ்சமாக நோட்டை எடுப்பது குறைந்துவிட்டது. அந்த மாதக் கணக்கை வைத்தது நான் இல்லை. ஆனால் அதை எண்ண வசதியாகப் பட்டியலை அமைத்துக் கொடுத்தது நான்தான்.

அந்த வரிசைகளை நீக்காமல் விட்டிருந்தால் பழைய மாடல் அவனைப் பிடித்திருக்குமா என்று பிறகு ஓட்டிப் பார்த்தேன். மாற்றப்பட்டவர்களை 'விட்டவர்கள்' என்று போட்டால் பிடிக்கிறது, கூடவே அவன் ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் பிடிக்கிறது. வேறு விதமாகப் போட்டால் பிடிக்கவில்லை. ஆகவே, 'அன்றைக்கே அக்கா பேச்சைக் கேட்டிருந்தால் அவனுக்கு இப்படி ஆகியிருக்காது' என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் ஒருவேளை நிம்மதியாக இருக்கும்.

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நோய் உறுதியானவரின் உயரம், எடை பார்க்கிறார்கள், காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, ஆக்ஸிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் போதும். எதிரே நிற்பவரின் உடம்பைப் பார்த்தே முடிவு, பழைய பதிவு எதுவும் வேண்டாம். எங்கள் மாடலை விட இது உசத்தி என்று சொல்ல வரவில்லை. சாவைத் தடுப்பது ஒரு வேலை, மருந்தை விடாமல் பார்ப்பது வேறு வேலை. ஆனாலும் அதில் 'டேட்டா இல்லை' என்று யாரையும் திருப்பி அனுப்ப வழியில்லை என்பது மனதில் நிற்கிறது.

இப்போது மாற்றப்பட்டவர்களுக்கு என்று மதிப்பெண் இல்லாத தனிப் பட்டியல் போகிறது. போகும் ஊரின் மையத்துக்கு ஒருவர் போன் செய்து, ஆள் வந்து சேர்ந்தாரா என்று கேட்கிறார். இதில் டேட்டா சயின்ஸ் எதுவும் இல்லை. விட்டுவந்த வேலையை நினைத்துச் சில இரவுகளில், இதற்குத்தானா வந்தோம் என்று தோன்றும். காலையில் அந்தப் போன் பதிவுகளைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்.

அடுத்த மாதம் மாடலை மறுபடி பயிற்றுவிக்க வேண்டும். போன வாரம் அக்காவிடம் நோட்டைக் காட்டச் சொன்னேன். ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பெயர்களின் மேல் விரலை வைத்து மறைத்திருந்தார். கடைசிக் கட்டத்தில், யார் எந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போவார், எப்போது ரயில் என்று எழுதியிருந்தது. நிக்‌ஷயில் இப்படி ஒரு கட்டம் கிடையாது. எங்களிடம் இதைக் கொடுத்தால் மாடல் எவ்வளவு தேறும் என்று உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம், இது கணினிக்குள் போனால் யார் யார் கண்ணில் படும் என்ற யோசனை வந்தது. சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்றார். இன்னும் சொல்லவில்லை.