கோதுமை பீரும் முள்ளுக் கத்தரிக்காயும்

வேலூரிலிருந்து ஏறக்குறைய 210 கிலோமீட்டர் பேருந்தில் குலுங்கிச் சென்று, பெங்களூரில் தம்பி குடியிருக்கும் தெருமுனையில் நானும் அக்காள் கணவரும் மதிய உணவுக்கு அமர்ந்த இடம், தாங்களே பீர் காய்ச்சி ஊற்றிக் கொடுக்கும் ஒரு பப் என்பது அக்காளுக்கு இன்றுவரை அதிகாரபூர்வமாகத் தெரியாது.

2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் இருக்கும் எங்கள் ஊரில், பீர் வாங்குகிறவர் கேட்கக்கூடிய ஒரே கேள்வி "கூலிங் இருக்கிறதா?" என்பதுதான். இங்கேயோ கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆளுயர எஃகுத் தொட்டிகள் நிற்க, மூன்று வகை பீரைச் சின்னஞ்சிறு தம்ளர்களில் ஊற்றி, மரப்பலகையில் அடுக்கி, ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். "இருமல் மருந்துகூட இதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்களே" என்றார் மாமா.

முதல் தம்ளர் கோதுமை பீர். வாழைப்பழமும் கிராம்பும் மணத்தன. அவை எதையும் சேர்ப்பதில்லை, புளிக்கவைக்கும் ஈஸ்ட்டே அந்த மணத்தை உண்டாக்குகிறது என்று தம்பி விளக்கியதை மாமா நம்பவில்லை. பூவன் பழத்தைப் பையில் வைத்து மறந்துவிட்டார்கள் என்பது அவர் துணிபு. மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தைக் கருகும்வரை வறுத்துச் செய்த கறுப்பு பீருக்கு, ஆறிப்போன காபி என்று ஒரே வரியில் தீர்ப்பளித்தார். மூன்றாவதான ஐ.பி.ஏ. என்ற ‘இந்தியா பேல் ஏல்’ பீரில்தான் வந்தது வினை. ஹாப்ஸ் பூவின் கசப்பு அதற்குச் சிறப்பாம். டெங்கு பரவிய நாட்களில் தெருவில் இலவசமாக ஊற்றிய நிலவேம்புக் கஷாயத்துக்குப் பயந்து பின்வாசல் வழியாக ஓடிய மனிதர், அதற்குச் சற்றும் குறையாத கசப்பைக் காசு கொடுத்து விழுங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வாழைப்பழமே மேல் என்று கோதுமை பீரில் ஒரு பெரிய குவளை வரவழைத்தார்.

பிரியாணியும் வந்தது; பாசுமதி அரிசியில், வெறும் தயிர்ப் பச்சடியோடு. ஆம்பூர், ஆற்காட்டுப் பக்கத்தில் சீரகச் சம்பா பிரியாணியைக் கத்தரிக்காய்த் தொக்கு இல்லாமல் பரிமாறினால் பந்தியில் பஞ்சாயத்து நடக்கும். பரிமாறிய பையன் நல்லவேளையாகப் போளூர்க்காரன். மாமாவின் வருத்தத்தைத் தன் வருத்தமாகவே எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி, சுட்டு மசித்த கத்தரிக்காயில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, முக்கோண ரொட்டித் துண்டுகளோடு கொண்டுவந்து வைத்து, "பாபா கனூஷ், சார்" என்றான்.

"யார் இந்தப் பாபா?" என்று தொடங்கிய மாமா, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின் பெருமையையும், அது 2023-இல் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்ற செய்தியையும், அதன் பருமனைக் கைகளால் காட்டியபடியே விவரித்தார். காய் சற்றுப் பெரிதாகப் போய்விட்டது போலும். குவளை சரிந்து, பாதி பீர் அவர் சட்டையிலேயே இறங்கியது.

இரவு சத்துவாச்சாரி வீட்டுக் கதவைத் திறந்ததும் அக்காள் மூக்கைச் சுருக்கி, "என்ன வாசனை இது?" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மாமா, "வாழைப்பழம், கொஞ்சம் கிராம்பு" என்றார். அக்காள் பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். பழம் எதுவும் விழவில்லை. அவரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் எனக்குக் காபி வந்தது. மாமாவுக்கு ஒரு பெரிய தம்ளர் நிறைய நிலவேம்புக் கஷாயம் வந்தது.