குத்தாலமா, குற்றாலமா? குடும்ப மரத்தில் ஊர்ப்பெயர்களைச் சரிசெய்த அனுபவம்

அத்தையின் கல்யாணம் தென்காசிப் பக்கத்து அருவிக்கரையில் நடந்ததாக, கணினியில் நான் வைத்திருக்கும் குடும்ப மரத்தின் வரைபடத்தில் ஒரு புள்ளி நின்றது. போன் போட்டுக் கேட்டேன். "அருவி இருக்குற குற்றாலம் இல்லடா, நம்ம மாயவரத்துக் குத்தாலம். மாப்பிள்ளை வீட்டு வாசல்ல பந்தல் போட்டுத்தான் நடந்துச்சு" என்றார் அத்தை.

தவறு எங்கே நுழைந்தது என்று தேடினேன். சின்னத் தாத்தா, அதாவது தாத்தாவின் தம்பி, 1930களில் மலாயா போனவர். அவருடைய பேரன், எனக்குத் தம்பி முறை, அந்தக் கிளையின் தகவல்களைத் திரட்டி ஜெட்காம் (GEDCOM, குடும்ப மரத் தகவல்களை மென்பொருள்களுக்கிடையே பரிமாறும் வடிவம்) கோப்பாக அனுப்பியிருந்தான். ஊர்ப்பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில். அவன் பயன்படுத்திய இணையச் சேவை, பெயரைப் பார்த்து ஊரைத் தானே ஊகித்து, அட்சரேகை தீர்க்கரேகையோடு எழுதிக் கொடுத்துவிட்டது. நான் அதை அப்படியே கிராம்ப்ஸ் (Gramps) என்ற குடும்ப மர மென்பொருளில் ஏற்றிவிட்டேன். இடங்களின் பட்டியலைத் திறந்தால் 93 பதிவுகள். அதில் மாயவரம் மட்டும் 11 விதமாக இருந்தது: மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை, "மாயவரம், தஞ்சாவூர் ஜில்லா", "மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டம்"...

முதலில் எல்லாவற்றையும் இன்றைய பெயருக்கு மாற்றிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்த கிரயப் பத்திரத்தைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. மடிப்புகளில் கிழிந்த அந்தத் தாளில் "தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுக்கா" என்று மைக்கூட்டுப் பேனாவில் எழுதியிருந்தார்கள். அதை "மயிலாடுதுறை மாவட்டம், தமிழ்நாடு" என்று நான் பதிந்தால், அன்று இல்லாத மாவட்டத்திலும் இல்லாத மாநிலத்திலும் நிலம் வாங்கியதாக ஆகிவிடும். மூலப்பத்திரத்தைத் தேடி வருகிறவரும் தஞ்சாவூர் என்று தேட மாட்டார்.

எங்கள் வீடு இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அதன்பின் நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. மேலே முதலில் சென்னை மாகாணம், 1950 முதல் சென்னை மாநிலம், 1969 முதல் தமிழ்நாடு.

கிராம்ப்ஸில் இதற்கு வழி இருக்கிறது. ஊரை ஒரே ஒரு பதிவாக வைத்துக்கொண்டு, அது எந்தக் காலத்தில் எதற்குள் அடங்கியது என்று ஆண்டுகளோடு கொடுக்கலாம். ஒரே ஊருக்குப் பல பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் அது வழங்கிய காலமும் மொழியும் கொடுக்கலாம். அப்புறம் 1956 கல்யாணத்தைத் திறந்தால் தஞ்சாவூர் என்று காட்டும், 1995இல் பிறந்த குழந்தைக்கு நாகப்பட்டினம் என்று காட்டும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஊர். தேதி தெரியாத நிகழ்ச்சிக்குத் தோராயமான ஆண்டாவது கொடுத்துவிடுகிறேன். பத்திரத்தில் இருந்த வரியை எழுத்து மாறாமல் ஆதாரக் குறிப்பில் சேர்த்தேன். பத்திரப்பதிவுத் துறையின் பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல என்பதால், சார்பதிவாளர் முத்திரையில் உள்ளதை மாவட்டமாக எடுக்காமல் அந்தக் குறிப்போடு நிறுத்திக்கொண்டேன்.

முதன்மைப் பெயரைத் தமிழிலேயே வைத்தேன். ஆங்கில எழுத்தில் குத்தாலமும் குற்றாலமும் எவ்வளவு எளிதில் ஒன்றாகிவிடுகின்றன என்று பார்த்தாயிற்றே. தவிர, அந்த எழுத்துக்கூட்டலை நம்பவும் முடியாது. 2020 ஜூனில் 1018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்தது, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. தம்பி தேடுவதற்காக ஆங்கில வடிவங்களை மாற்றுப் பெயர்களாகச் சேர்த்தேன்.

ஒரே ஊருக்கு இருந்த பல பதிவுகளை ஒன்றாக்கும்போது ஒருமுறை சறுக்கினேன். நல்லூர் என்று இருந்த இரண்டு பதிவுகளைச் சேர்த்துவிட்டேன். ஒன்று கும்பகோணம் பக்கம், இன்னொன்று வேறு தாலுகா. முந்தின நாள் எடுத்து வைத்த நகலிலிருந்து மீட்டேன். அதன்பிறகு தாலுகா உறுதியாகாமல் எதையும் சேர்ப்பதில்லை. 93 பதிவுகள் 38 ஆக முடிந்தன.

மலாயாப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சின்னத் தாத்தா இருந்த ஊர் கடிதங்களில் "தெலுக்கான்சன்" என்று இருக்கும். பேராக் மாநிலத்துத் தெலுக் ஆன்சன்தான் அது. அந்த ஊர் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது 1982இல். மாயூரம் மயிலாடுதுறை ஆனதும் அதே 1982. கடிதத்தின் இரு முனைகளும் ஒரே ஆண்டில் பெயர் மாறியிருக்கின்றன. மேல் அடுக்கில் 1948 முதல் மலாயாக் கூட்டரசு, 1963 முதல் மலேசியா என்று ஆண்டோடு கொடுத்தேன்.

ஜெட்காமாகத் திருப்பி அனுப்பினால் இந்த அடுக்குகள் எல்லாம் காற்புள்ளி போட்ட ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகின்றன. அதனால் தம்பியையும் கிராம்ப்ஸ் நிறுவச் சொல்லி, அதன் சொந்தக் கோப்பையே அனுப்பினேன்.

ஒரு பதிவு மட்டும் பாக்கி. 1951ஆம் ஆண்டுக் கடிதத்தில் விலாசம் "ஆறாம் கட்டை" என்று இருக்கிறது. ஆறாவது மைல்கல். எந்தச் சாலையில் என்று கடிதத்தில் இல்லை. தெலுக் ஆன்சனுக்குள் "ஆறாம் கட்டை" என்றே எழுதி, வரைபடப் புள்ளியைக் காலியாக விட்டிருக்கிறேன். தம்பி அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.